செட்டிநாட்டு வளவுகளின் ஜீர்ணோத்தாரணம்

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றின் உட்புறத்தைப் பழையபடி செப்பனிட எண்ணுகிறவர் முதலில் கலந்து பேச வேண்டியவர்கள் கொத்தனாரோ தச்சாசாரியோ அல்லர், பங்காளிகளே ஆவர். இப்படிச் சொன்னால் கட்டடக் கலையில் பற்றுள்ள அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். தேக்குத் தூணையும் மெருகேறிய சுவரையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு எதற்கு என்று கேட்கவும் செய்யலாம். ஆயினும் இந்த வீடுகள் எந்தச் சம்பிரதாயத்தை அனுசரித்து நிர்மாணிக்கப்பட்டன, எவர் அவற்றில் குடியிருந்தனர், எவர் குடியிராமலே அவற்றைக் கட்டினர் என்ற சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்பவருக்கு, கூரை ஒழுகுவதற்கும், அந்தக் கூரையை எவர் செலவில் மாற்றுவது என்ற பேச்சு பல்லாண்டுகளாகத் தீராமல் கிடப்பதற்கும் உள்ள சம்பந்தம் தெளிவாகவே விளங்கும்.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் இந்தச் சீமை, ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத வறண்ட பூமி. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டுப் பாண்டிநாட்டில் வந்து குடியேறியதாகத் தங்கள் குலவரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் நாட்டுக்கோட்டை நகரத்தார், இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது கோவில்களைச் சார்ந்த பிரிவினராய் 96 ஊர்களில் வாழ்ந்தவர்கள். இன்று நகரத்தார் ஊர்கள் என்று எண்ணத்தக்கவை எழுபதுக்குச் சற்று மேல். மழையை நம்பி வாழவேண்டிய பூமியாகையால், நேரான தெருக்களை வகுத்து, ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, வீட்டுக் கூரையில் விழுந்த தண்ணீர் வீணாகாதவாறு வளவு என்னும் திறந்த முற்றத்தின் நடுவே இறக்கி அண்டாக்களில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கால்வாய் வழியே வெளியேற்றும் ஏற்பாட்டை அவர்கள் மிகுந்த சிரத்தையோடு செய்திருந்தார்கள். வீடு என்பது நீரை வாங்கும் பாத்திரமாகவும் அமைந்திருந்தது என்ற இந்த விஷயம் பின்னால், கூரையைப் பற்றிப் பேசும்போது நமக்கு உதவும்.

உப்பும் நெல்லும் பருத்தியும் விற்றுவந்த ஒரு சமூகம் இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டத்தக்க ஐசுவரியத்தை எங்கிருந்து பெற்றது என்பது பலரும் அறிந்த கதைதான். இலங்கையில் காப்பித் தோட்டங்கள் எழுந்த காலத்திலும், மலேயாவில் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் பெருகிய காலத்திலும் அவர்களுடைய வட்டிக்கடைகள் அங்கே இருந்தன. எனினும் செட்டிநாட்டு வீடுகளின் அஸ்திவாரம் பர்மாவில் இருந்தது என்றே சொல்லவேண்டும். 1852-ஆம் ஆண்டு யுத்தத்துக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, ஐராவதி முகத்துவாரத்து அரிசிக்கு ஐரோப்பியச் சந்தையில் கிராக்கி ஏறியபோது, காட்டை அழித்து வயலாக்க முனைந்த பர்மியக் குடியானவனுக்குக் கடன் கொடுக்க ஆங்கிலேய வங்கி எதுவும் முன்வரவில்லை, முன்வந்தவர் நகரத்தாராகிய செட்டியார். 1930-ஐ ஒட்டி நடந்த அரசாங்க விசாரணையின் கணக்குப்படி பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் 75 கோடி ரூபாய்.

இந்தக் கடைகளை நடத்தியவர்கள் மூன்றாண்டுக் கணக்கில் கப்பலேறிச் சென்றவர்கள். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, பிற்பாடு சொந்தக் கடை வைத்தவர் அநேகர். அங்கே அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை கிட்டங்கியில்தான்: ஒரு நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி, மேசை, பாய், பொதுச் சமையல். ரங்கூனிலும் பினாங்கிலும் பாயில் படுத்துக்கொண்டு, தாம் மூன்றாண்டுக்கு ஒரு தடவை சில மாதங்கள் மட்டுமே தங்கப்போகும் கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ ஆயிரம் பேர் பந்தி இருக்கத்தக்க மாளிகையை ஒருவர் எழுப்பினார் என்றால், அது எவருடைய சௌகரியத்துக்காக எழுந்தது என்று கேட்டே ஆகவேண்டும். வீட்டில் நிரந்தரமாக இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். வீடு நிரம்பியது கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டுமே. ஆகவே அதன் உட்புற அமைப்பு முழுவதும் அன்றாட வாசத்துக்காகக் கொஞ்சமும் விசேஷங்களுக்காக மிகுதியும் திட்டமிடப்பட்டது. புதுப்பிக்க வருகிறவர்கள் பலர் இந்த ஒன்றை மறந்துவிட்டு, அவ்வளவு பெரிய கூடத்தில் என்ன சாமான் போடுவது என்று திகைக்கிறார்கள். ஒன்றும் போடாமல் இருப்பதற்காகவே கட்டிய கூடம் அது.

ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டின் உள்ளே நடந்து பார்ப்போம். உயர்ந்த திண்ணைகளோடு கூடிய முகப்பு. அதில் ஆண்கள் அமர்ந்து வந்தவரோடு பேசுவதும் கணக்குப் பார்ப்பதும் வழக்கம். கஜலட்சுமியும் கொடிகளும் செதுக்கிய பெருநிலையைத் தாண்டினால் பட்டாலை. அதைக் கடந்தால் வானம் பார்த்த வளவு. வளவைச் சுற்றித் தூண் வரிசையோடு கூடிய தாழ்வாரம்; அந்தத் தாழ்வாரத்தில் இரு பக்கமும் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு சிறிய அறைகள். அவற்றுக்கு இரட்டை வீடு என்று பெயர். அப்பால் இரண்டாங்கட்டில் பந்திக்கும் பெண்டிர் புழக்கத்துக்கும் உரிய இடங்கள். மூன்றாங்கட்டில் அடுப்படி, உரல், அம்மி, குந்தாணி. அதற்கும் பின்னால் கிணற்றடி. முன்வாசலில் நிற்பவர் கண்ணுக்குப் பின்வாசல் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்.

இரட்டை வீடுகள் சிறியவை, சன்னல் குறைந்தவை, சில அறைகளில் பகலிலும் விளக்கு வேண்டும். இவ்வளவு பணத்தைக் கொட்டிக் கட்டியவர்கள் படுக்கும் அறையை மட்டும் ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று அயலூரார் கேட்பது வழக்கம். காரணம் நகரத்தாரின் குடும்ப முறையில் இருக்கிறது. மகனுக்கு விவாகம் ஆனவுடன் அவனும் மனைவியும் தனிப் ‘புள்ளி’ ஆகிறார்கள். கோவில் வரியும் அந்தப் புள்ளிக் கணக்கில்தான். சிறிது காலத்துக்குள் பெற்றோர் அவர்களை ‘வேறு வைத்து’விடுவார்கள். வீட்டைவிட்டு அனுப்புவதில்லை, அதே கூரையின்கீழ் ஓர் இரட்டை வீட்டை ஒதுக்கி, ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் செலவுக்குப் பணமும் வகுத்து, சமையலைத் தனியாக்குவார்கள். கூட்டுக்குடும்பத்தின் கூரையும் தனிக்குடும்பத்தின் அடுப்பும் ஒரே வீட்டில் அமைந்த இந்த விநோதமான ஏற்பாடு தமிழ்நாட்டின் வேறு எந்தச் சமூகத்து வீட்டிலும் இத்தனை தெளிவாகச் சுவர்களில் பதிவாகவில்லை என்பது என் அபிப்பிராயம். இரட்டை வீடு அந்தப் புள்ளியின் பெட்டகம். மருமகள் கொண்டுவந்த பித்தளை, வெள்ளி, எவர்சில்வர், பீங்கான் சாமான்கள் எல்லாம் பெயர் வெட்டி, எண்ணி, பூட்டி வைக்கப்பட்ட இடம். வளவோ எல்லாப் புள்ளிக்கும் பொது. கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்புவதும், பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்வதும் அங்கேதான்.

பொதுவிடத்துக்கு வேண்டிய அலங்காரச் சாமான்களைக் கப்பல்கள் கொண்டுவந்தன. பர்மாத் தேக்கு மரம் மரமாக இறங்கித் தூணும் உத்தரமும் நிலையும் ஆயிற்று. இத்தாலியச் சலவைக்கல் தரைக்கும், பெல்ஜியக் கண்ணாடி சுவருக்கும், இங்கிலாந்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் மாடித் தாழ்வாரத்துக்கும், பூவும் மயிலும் புடைத்து நிற்கும் ஜப்பானியப் பீங்கான் ஓடுகள் சுவரின் இடுப்பளவுக்கும் வந்தன. 1894-இல் பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் தோன்றியபின், அதன் வண்ணப்படங்கள் சட்டமிடப்பட்டு வளவைச் சுற்றிலும் ஏறின. சரஸ்வதிக்குப் பக்கத்தில் ஜெர்மானியக் கடிகாரமும், அதற்குப் பக்கத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கும் பாட்டனார் படமும் இருக்கும். இந்தக் கலவையை ரசக்குறைவு என்று இகழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கணக்கப்பிள்ளை தம் ஐந்தொகையில் எந்தெந்த ஊரிலிருந்து எவ்வளவு வரவு என்று எழுதுவதுபோல, அந்த வீட்டார் தம் வரவை எல்லாம் சுவரில் எழுதி வைத்தார்கள், ஒளிக்கவில்லை. 1930-களில் வந்த புதிய பாணியையும் அவர்கள் தயங்காமல் ஏற்றார்கள். பழைய வளவின் முன்னே வளைந்த மாடியும் வண்ணக் கண்ணாடியுமாக முகப்பு மட்டும் புதிதான வீடுகள் பல உள்ளன.

இனிச் சுவருக்கு வருவோம். இறக்குமதியான பொருள்களைவிட வியக்கத்தக்கது உள்ளூர்க் கொத்தனார் செய்த அந்தப் பூச்சுதான். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையிலிட்டுச் சுமார் 900 பாகை செல்ஸியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். சுட்டதை நீரிலிட்டு நீற்றி, பல நாள் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்துச் சுவரில் பூசிவிட்டால், காற்றிலுள்ள அதே வாயுவைச் சிறிது சிறிதாக மீண்டும் ஏற்றுக் கல்லாக இறுகும். இந்த இறுகல் சில நாளில் முடிவதன்று. ஆண்டுக் கணக்கில் நடப்பது. சாந்தைக் குழைக்கும் தண்ணீரும் வெறும் தண்ணீர் அன்று. கடுக்காயை உடைத்து ஊறப்போட்டு, அதில் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்துப் புளிக்கவைத்த சாறு அது. சாந்து குழைவாக நின்று பின்னர் வலுவாகப் பிடிப்பதற்கு அது துணைசெய்தது. முதற்பூச்சு பெருமணலோடு, அதன்மேல் சலித்த மணலோடு ஒன்று, அதற்கும் மேல் மணல் குறைந்து சுண்ணாம்பு மிகுந்த மெல்லிய பூச்சு, இப்படி அடுக்கடுக்காக ஏறி, கடைசியில் வருவது துணியில் வடிகட்டிய நயமான சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்த பால் போன்ற பூச்சு. அது முழுவதும் உலர்ந்து போவதற்குள் கரணையால் அழுத்தி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒரு சுவரைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்திய இடத்தில் ஒட்டு தெரியும். ஆகையால் ஆட்கள் பலர் பக்கம் பக்கமாக நின்று ஒரே வேகத்தில் வேலையை முடிப்பார்கள்.

எத்தனை முட்டை செலவாயிற்று என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்குச் சொல்வார்கள். வண்டி வண்டியாக வந்ததென்று ஓரூரில் கேட்டால், அடுத்த ஊரில் வண்டிகளின் எண்ணிக்கை கூடிவிடும். அதை நம்புவதும் நம்பாததும் கேட்பவர் இஷ்டம். நம்பவேண்டியது சுவரை. வேனிற்காலத்து நண்பகலில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ந்திருக்கும். ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வேண்டியதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தரைக்குரிய ஆத்தங்குடிக் கல்லின் கதை வேறு. அது சூளையில் வேகாத ஓடு. கண்ணாடிப் பலகையின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் பூ வடிவான தகட்டு அச்சை இறக்கி, சிமெண்டோடு வர்ணப் பொடியைக் கரைத்த குழம்பை ஒவ்வொரு பள்ளத்திலும் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த தூளைத் தூவி, அதன்மேல் ஈரச்சாந்தை இட்டு அழுத்திவிட்டால் ஓடு ஆயிற்று. ஒரு நாள் காயவிட்டுப் பின்பு நீர்த்தொட்டியில் ஊறப்போடுவார்கள். வெளியே எடுத்தபின் கண்ணாடி தானே கழன்று வரும். அதன் முகத்துப் பளபளப்பு கண்ணாடியிடமிருந்து இரவல் வாங்கியது; பின்னர் அதைக் காப்பாற்றுவது மனிதர் நடமாட்டமும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கமும். இந்தத் தொழில் இன்றும் ஆத்தங்குடியில் கையாலேயே நடக்கிறது. பழுதான தரையைத் திருப்பிப் போடுகிறவருக்கு இது பெரிய சகாயம். உடைந்த கல்லுக்குப் பதிலாகப் பழைய சித்திரத்திலேயே புதிய கல்லை வார்த்து வாங்கிக்கொள்ளலாம். சுவரின் சத்துரு என்று நான் சற்று நேரத்தில் வைய இருக்கும் சிமெண்டு, தரையில் மட்டும் இவ்வளவு நயமாக நடந்துகொள்கிறது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கட்டிய வேகத்திலேயே வீழ்ச்சியும் வந்தது. 1929-க்குப் பின் உலகமெங்கும் பரவிய வியாபார மந்தத்தில் அரிசி விலை சரிந்து, கடன் வாங்கிய பர்மியர் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை விட்டார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் உடைமை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. ரொக்கமாக இருந்த செல்வம் விரும்பாத நிலமாக மாறியது. குடியானவரின் பகையும் அதனோடு வந்தது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஏககாலத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டது என்பதிலிருந்து, விவரமறிந்தவர்கள் பழைய முறையைவிட்டுப் புதிய முறைக்கு வந்துகொண்டிருந்தார்கள் என்பது தெரிகிறது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. சுதந்திர பர்மா 1948-இல் நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1963-இல் வங்கிகளும் போயின. வருமானம் நின்றது; வீடுகள் நின்றன.

பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கடல் கடந்தும் போய்விட்டார்கள். வளவில் ஒரு காவற்காரரும் முதியவள் ஒருத்தியுமாக இருந்து, பின்னர் காவற்காரர் மட்டுமாகி, இரட்டை வீடுகள் தோறும் வெவ்வேறு பூட்டுக்கள் தொங்கலாயின. 1950-களுக்குப் பிறகு பல வீடுகள் இடிக்கப்பட்டன. வீட்டை வாங்கியவர் மனையைக்கூடக் கருதவில்லை. தூணையும் நிலையையும் உத்தரத்தையும் கழற்றி விற்றாலே விலை வந்துவிடும். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் எனாமல் கூஜாவும் மரப்பாச்சியும் தேக்கு நிலையும் குவிந்து கிடப்பதைக் காணலாம்; அவற்றுள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இரட்டை வீட்டின் பூட்டு திறந்தபோது வெளியே வந்தது. இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. தம் வீட்டில் கறையான் அரித்த தூணுக்குப் பதில் பழந்தேக்குத் தூண் தேடுகிறவர் இந்தத் தெருவுக்குத்தான் வரவேண்டும். அவர் வாங்குவதனாலேயே அடுத்த வீட்டை இடிக்கிறவருக்கு லாபம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், வேறு வீட்டின் தூணைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட, அரிப்புண்ட பாகத்தை மட்டும் அறுத்து நீக்கிப் புது மரத்தைப் பொருத்தும் ஆசாரியைத் தேடிப்பிடிப்பது மேல். தூண்கள் கல்லாதாரத்தின்மேல் நிற்பவையாகையால் ஈரம் எளிதில் ஏறாது. ஏறினாலும் அடிப்பாகத்தோடு நின்றுவிடுவதே வழக்கம்.

வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் அநுபவமுள்ளவர்களுக்குள் கருத்து வேற்றுமை கிடையாது: கூரையில். உட்புறத்தைச் செப்பனிடுவதாகச் சொல்லி வர்ணத்தில் தொடங்குகிறவர் பணத்தைத் தண்ணீரில் விடுகிறார். அதுவும் மழைத் தண்ணீரில். வளவின் நான்கு மூலைகளிலும் இரு சாய்வுகள் சேரும் இடமாகிய கூடல்வாய்தான் முதலில் கெடும். சருகும் பறவை எச்சமும் அடைத்து நீர் தேங்கினால், நாட்டோட்டின் அடுக்குக்குள் கசிந்து, கைமரத்தை நனைத்து, தாழ்வாரத்து உத்தரத்தின் முனையில் இறங்கும். முன்னாளில் ஆண்டுக்கொரு முறை மழைக்காலத்துக்கு முன் ஆளேற்றி ஓட்டைப் பிரித்து அடுக்கினார்கள்; வீடு நீரை வாங்கும் பாத்திரமாக இருந்ததால் அந்த நீர் வரும் வழியைச் சுத்தமாக வைத்திருக்க அவர்களுக்குத் தேவையும் இருந்தது. குழாய் வந்தபின் அந்தத் தேவை போயிற்று. தேவை போனதும் ஆளேற்றும் வழக்கம் போயிற்று. வழக்கம் போனதும் கூரை போயிற்று.

அடுத்தது ஈரச்சுவர். செங்கல்லும் சுண்ணாம்புமாகிய பழைய சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுப்பதும், இழுத்ததைத் தன் மேற்பரப்பின் வழியே காற்றில் விடுவதும் இயல்பு. அடிச்சுவர் உதிர்கிறதென்று அதன்மேல் கெட்டியாகச் சிமெண்டு பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும்; அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, சிமெண்டுக்கு மேலிருந்த நல்ல சுண்ணாம்புப் பூச்சையும் தள்ளிக்கொண்டு வரும். இடுப்பளவு இருந்த நோய் தோளளவு ஆகிவிடும். அப்போது இன்னும் சற்று உயரத்துக்குச் சிமெண்டு பூசுவார்கள். பிளாஸ்டிக் வர்ணமும் இதே காரியத்தைச் செய்கிறது. ஆகவே உட்புறத்தைப் பழையபடி ஆக்குவதில் பாதி வேலை, ஐம்பது அறுபது ஆண்டுகளாக நல்லெண்ணத்தோடு சேர்க்கப்பட்டதை நீக்குவதுதான். பல வீடுகளில் முட்டைப் பூச்சு அழிந்துவிட்டதென்று எண்ணியிருக்க, வெள்ளையும் டிஸ்டெம்பரும் எனாமலுமாக ஏறிய அடுக்குகளுக்குக் கீழே அது அப்படியே கிடைப்பதுண்டு. விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சுவரோடு பிடிப்பாக இருக்கும் பாகம் எது, பொள்ளலாக ஒலிக்கும் பாகம் எது என்று வகுத்துக்கொண்டு, பிடிப்புள்ளதைத் தொடாமல் மற்றதை மட்டும் எடுத்துப் பூசுகிறவரே நல்ல கொத்தனார். முழுச்சுவரையும் கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசித் தருகிறேன் என்பவருக்கு வேலை சுலபம், வீட்டுக்கு நஷ்டம். மரவேலைக்கும் இதே விதிதான். எனாமல் பூசிய நிலையை மணற்பீச்சால் அடித்துச் சுத்தம் செய்தால் வர்ணத்தோடு கஜலட்சுமியின் மூக்கும் போய்விடும்.

இவ்வேலைகளில் வெளியார் கவனம் திரும்பியது அண்மைக் காலத்தில்தான். மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், இடிக்கப்படவிருந்த செட்டிநாட்டு வீடு ஒன்றின் தூண்களும் கதவுகளும் கொண்டு வளவு ஒன்று மீண்டும் எழுப்பப்பட்டது. கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்னும் வீட்டைப் புதுப்பித்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர், யுனெஸ்கோவின் துணையோடு செட்டிநாட்டு ஊர்களைக் காக்கும் இயக்கம் ஒன்றை நடத்தினார்கள். 2014-இல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. கானாடுகாத்தான், கடியாபட்டி, காரைக்குடி முதலிய ஊர்களில் சில வீடுகள் விடுதிகளாயின. விடுதி என்றால் நம்மவர் சிலருக்கு மனம் கசக்கிறது. கூரை ஒழுகாமல் காக்கப் பணம் வேண்டும், பணத்துக்கு வருவாய் வேண்டும் என்ற கணக்கை நன்கறிந்த சமூகத்தின் வீட்டைப் பற்றி இப்படிக் கசந்துகொள்வதில் அர்த்தமில்லை. ஆனால் விடுதியாகும் வீடெல்லாம் பெரும்பாலும் ஒருவர் வசமாகவோ, ஒத்த மனமுள்ள சிலர் வசமாகவோ உள்ளவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்ற வீடுகளின் நிலைமை வேறு. நாலு மகன்களுக்கு என்று வகுத்த எட்டு இரட்டை வீடுகள், மூன்று தலைமுறை கழிந்தபின் முப்பது நாற்பது பேருக்கு உரியவையாய் நிற்கும். சுவீகாரம் வந்த கிளையும் அதில் சேரும். 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும், 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதிலும் வந்த திருத்தங்களும் பெண்மக்களுக்குப் பிறந்த வீட்டில் பங்கை உறுதி செய்தன. வீட்டில் வாழ்ந்து அதைக் காத்தவர்கள் பெண்களே என்பதை முன்பே சொன்னேன். அவர்களுக்குப் பங்கு வந்தது தாமதமாக வந்த நியாயம். கையெழுத்திட வேண்டியவர் தொகை அதனால் இரட்டித்தது என்று குறைபடுகிறவர்கள், அதற்கு முன்பு கையெழுத்துக் குறைவாக இருந்த காலத்தில் எத்தனை வீட்டைச் செப்பனிட்டார்கள் என்று சொல்லட்டும். தன் இரட்டை வீட்டை மட்டும் ஒருவர் செப்பனிட்டுக் குளிர்சாதனம் வைத்துக்கொள்ளலாம். வளவையும் கூடல்வாயையும் தனியே செப்பனிட முடியாது. பங்கு போட முடியாத பாகங்களே இந்த வீட்டின் முக்கியமான பாகங்கள்.

இதற்கு வழி கண்டிருக்கிற குடும்பங்களும் உண்டு. கோவிலுக்குப் புள்ளி வரி கட்டும் பழைய முறையையே வீட்டுக்கும் பொருத்தி, புள்ளிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் தண்டி, பொதுக் கணக்கு ஒன்றில் போட்டு, அதிலிருந்து காவற்காரர் சம்பளத்தையும் ஓடு பிரித்தடுக்கும் கூலியையும் கொடுக்கிறார்கள். இரட்டை வீட்டுச் சாவிகளின் மறுபடிகள் ஒருவரிடம் இருக்கின்றன, ஆண்டுக்கொரு முறை படைப்புக்குக் கூடும்போது எல்லா அறைகளும் திறக்கப்பட்டுக் காற்றாடுகின்றன, கணக்கு வாசிக்கப்படுகிறது. பெண்மக்களும் ஒரு புள்ளியாகக் கட்டலாம் என்று ஏற்றுக்கொண்ட குடும்பங்களில் தண்டல் சற்றுக் கூடுதலாகவே சேரும் என்று எதிர்பார்க்கலாம். அப்படிச் சேர்ந்த பணத்தில் முதலாண்டு கூரையும், அடுத்த ஆண்டு அடிச்சுவரின் சிமெண்டை நீக்கி உலரவிடுவதும், சுவர் ஒரு கோடை முழுவதும் காய்ந்தபின் மூன்றாம் ஆண்டு சுண்ணாம்புப் பூச்சும் என்று வகுத்துக்கொண்டால், எந்த ஓர் ஆண்டிலும் எந்தப் புள்ளிக்கும் பாரம் அதிகமாகாது. குளியலறை வேண்டுமென்பவர்கள் அதை மூன்றாங்கட்டில், கிணற்றடியை ஒட்டிக் கட்டிக்கொள்ளட்டும். வளவுச் சுவருக்குள் குழாயைப் புதைக்கக் கொத்தனாரை அனுமதிக்க வேண்டாம்.